கிச்சிலித்தோல் சாராயம்

உலாந்தாக்காரர்கள் என்கிற டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டி எழுபது வருடம் ஆன பிறகு, ஒரு மாசி மாதத்து வெள்ளிக்கிழமை காலையில், ஜாவாத் தீவின் பத்தாவியாவுக்குப் புறப்பட்ட கப்பல் ஒன்று தன் கப்பித்தானைக் கடலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டது. அவர் தவறி விழவில்லை. மேல்தளத்தில் நாற்காலி போட்டு, புகைக்குழாயை வாயில் வைத்துக்கொண்டு, நங்கூரம் தூக்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நங்கூரம் ஏறியது, பாய் புடைத்தது, கப்பல் நகர்ந்தது, கப்பித்தான் நகரவில்லை. நாற்காலி அவருக்கு அடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. பின்னால் இருந்த பாய்மரமும் பலகைச் சுவரும் வலைக்கண்ணில் தண்ணீர் புகுந்து போவதுபோல அவருக்குள் புகுந்து போயின. உட்கார்ந்த வாக்கிலேயே அந்தரத்தில் சிறிது நேரம் இருந்துவிட்டு, மெதுவாக இறங்கித் தண்ணீர்மேல் நின்றார். புகைக்குழாய் அணையவில்லை. வலை இழுத்துவிட்டுத் திரும்பிய கட்டுமரக்காரர்கள் இரண்டு பேர், கரைக்கு வருகிறீர்களா என்று கேட்டார்கள். அவரும் தலையாட்டி ஏறிக்கொண்டார். அன்று கரையில் மடவை மீன் மலிவு, கொடுவா கிடைக்கவே இல்லை.

மாலுமியோடு சண்டை போட்டுக் குதித்து நீந்தி வந்ததாகக் கப்பித்தான் கோட்டையில் சொன்னார். சட்டை ஏன் நனையவில்லை என்று யாரும் கேட்கவில்லை. பெரிய மனிதர்களிடம் அப்படியெல்லாம் கேட்கிற வழக்கம் அங்கே கிடையாது. சித்திரையில் மசூலிப்பட்டினத்துக்கு மாற்றலான எழுத்தர் ஒருவரும், வைகாசியில் தாய்நாட்டுக்குக் கப்பலேறிய சிப்பாய்கள் இரண்டு பேரும் இதேபோலக் கடலில் நின்று, இதேபோல மீனவர்களோடு திரும்பி வந்து, ஆளுக்கொரு பொய் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் முகத்துவாரத்து நீரோட்டமே காரணம் என்று கோட்டைத் தலைவர் மேலிடத்துக்கு எழுதினார். உண்மையான காரணம் சமையற்கட்டில் ஒரு பீங்கான் ஜாடிக்குள் இருந்தது. அது இரண்டு பெண்களுக்கு மட்டும்தான் தெரியும்.

ஒருத்தி செசிலியா, கோட்டைச் சமையற்கட்டின் தலைவி. சாந்தோமில் பிறந்த பறங்கி வம்சத்துப் பெண். கணவனைக் காலராவுக்குக் கொடுத்தவள். ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அவனுக்கு என்ன கலந்து கொடுத்தால் வாய் மூடுவான் என்று சொல்லிவிடுவாள். கோட்டை அகழிக்கும் ஏரிக்கும் நடுவே ஒற்றையாய் நின்ற, ஆரஞ்சு இனத்துக் கிச்சிலி மரம் அதற்கு முந்தைய மார்கழியில்தான் முதன்முறை காய்த்தது. பழம் புளிப்பும் கசப்புமாக இருந்ததால் காக்கைகூடத் தொடவில்லை. ஆனால் தோலைக் கிள்ளினால் சமையற்கட்டு முழுக்க மணத்தது. செசிலியா தோலைச் சீவி, நிழலில் உலர்த்தி, பனைவெல்லச் சாராயத்தில் நாற்பது நாள் ஊறப்போட்டு, மறுபடி காய்ச்சி வடித்து, கற்கண்டுப் பாகும் இலவங்கப்பட்டையும் சேர்த்து ஜாடிகளில் அடைத்தாள். தனியாகக் குடிக்கத் தித்திப்பு அதிகம் என்பதால் கலந்துதான் கொடுப்பாள். எங்கும் போகாத கோட்டைத் தலைவருக்குத் திராட்சை மதுவில் இரண்டு கரண்டி விட்டு, மேலே ஜாதிக்காய்த் தூள் தூவுவாள். எழுத்தர்களுக்குப் பிராந்தி, எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி தோல்சாராயம் மூன்றையும் மண்பானையில் வைத்துக் குளிரக் குளிர ஊற்றுவாள். சிப்பாய்களுக்குச் சாராயம், எலுமிச்சை, வெல்லம், தண்ணீர், மிளகு என்று அஞ்சு பொருள் கலக்கும் குண்டானில் ஒரு கை தெளித்துவிடுவாள். அந்த மரத்தின் வேர் அகழியைத் தாண்டி, ஏரிக்கடியில் ஓடி, முகத்துவாரத்து மணல் திட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று மீனவர்கள் சொல்வதுண்டு. அதனால்தானோ என்னவோ, அந்தச் சாராயம் உள்ளே போன யாரையும் எந்தக் கப்பலாலும் பழவேற்காட்டை விட்டுக் கொண்டுபோக முடியவில்லை.

இன்னொருத்தி தோணிரேவு குப்பத்து இருசம்மாள். கோட்டைக்குத் தினமும் மீன் கொண்டுவருகிறவள். தோலின் உள்பக்கத்து வெள்ளை ஒட்டிக்கொண்டு வந்தால் சாராயம் கைத்துப்போகும். கோட்டையில் யார் சீவினாலும் வெள்ளையோடுதான் வந்தது. மீன் செதிள் சீவிப் பழகிய இருசம்மாளின் கத்தியில் மட்டும், பின்னால் பிடித்த விரல் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக வந்தது. அதிலிருந்து அவளுக்குச் சமையற்கட்டில் ஒரு மணை போடப்பட்டது. யார் எவ்வளவு குடித்தார், எவ்வளவு தூரத்தில் கப்பலை விட்டு நழுவினார் என்று இரண்டு பேரும் மீன் அரிந்துகொண்டே பேசி வைத்திருந்தார்கள். மூன்று கிண்ணம் எதுவும் கலக்காமலே குடித்த கப்பித்தான் நங்கூரம் கிடந்த இடத்திலேயே நின்றுவிட்டார். ஒரு கரண்டி குடித்த எழுத்தரைக் கப்பல் கூப்பிடு தூரம் கொண்டுபோனது. குண்டானில் குடித்த சிப்பாய்கள் அரைக் காதம் போய்த்தான் நழுவினார்கள். குறையக் குறையப் பிடிப்பு தளர்கிறது, அவ்வளவுதான் கணக்கு. இதை யாரிடமும் சொல்ல வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. சொன்னால் ஜாடியைப் பூட்டிவிடுவார்கள்.

இருசம்மாளின் புருஷன் கோதண்டம் தோணிரேவுக்குப் பங்கு பிரிக்கிற ஆள். ஏரியில் மீன் கூடும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். எந்தப் பாட்டில் எந்த நாள் எந்தக் குடும்பம் வலை போடுவது என்று ஓலைச் சீட்டுக் குலுக்கி, முறை வைத்துக்கொள்வது அந்த ஊர்களின் வழக்கம். கிடைத்த மீனைப் பங்கு வைப்பதற்கும் முறை உண்டு. பிரிப்பவன் கடைசிப் பங்கைத்தான் எடுக்க வேண்டும். அவன் தன் பங்கைத் தூக்குவதற்குள் இன்னொருவர் வந்து நின்றுவிட்டால், அந்தப் பங்கு வந்தவருக்குப் போகும். மற்ற பிரிப்பாளிகள் கடைசிக் குவியலை முதலிலேயே கொஞ்சம் கனமாக வைத்து, பிரித்த கையோடு கூடையில் அள்ளிக்கொள்வார்கள். கோதண்டத்துக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. எல்லாக் குவியலும் ஒரே உயரமா என்று மண்டிபோட்டுப் பார்ப்பார். அதற்குள் யாராவது கிழவி கூடையோடு வந்துவிடுவாள். இருபது வருடமாக வீட்டுக்கு வால் அறுந்த கெழுத்தி மட்டுமே வருகிறது என்று இருசம்மாள் ஊரறிய அவரைத் திட்டியிருக்கிறாள். திட்டும்போது அவளுக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருக்கும். அதை அவள் யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை.

ஆவணியில் கோதண்டம் கருவாடு விற்கப் பக்கத்து ஊரான திருப்பாலைவனத்துக்குப் போனார், திரும்பவில்லை. ஆள் பிடித்துக் கப்பலுக்கு விற்கிற தரகர்கள் அந்த வருடம் உள்நாட்டுப் பாதைகளில் சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஆறு நாள் அவள் ஏரியைச் சுற்றித் தேடினாள். ஏழாம் நாள் சமையற்கட்டிலிருந்து, விற்ற ஆட்களைக் கப்பல் வரும்வரை அடைத்து வைக்கும் கோட்டைக் கிடங்குக்குக் கஞ்சி தூக்கிப் போனவள், உள்ளே வரிசையில் ஒன்பதாவது ஆளாக அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். கையிலிருந்த சட்டியைக் கீழே போடாமல் வைத்ததே பெரிய காரியம்.

"இன்னாய்யா இது, கருவாடு விக்கப் போன ஆளு இங்க கீற?" என்றாள், காவல்காரனுக்குக் கேட்காமல்.

"கருவாட்டையும் புடுங்கிக்கினாங்க மே, என்னையும் புடுங்கிக்கினாங்க," என்றார் கோதண்டம். "கருவாடு நல்ல கருவாடு."

கப்பல் புரட்டாசி பிறந்ததும் புறப்படும் என்று தெரிந்தது. கிடங்கில் இருந்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். பத்தாவியாவுக்குப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததாக அந்தக் கரையில் பேச்சில்லை. இருசம்மாள் செசிலியாவின் காலடியில் உட்கார்ந்து, ஒரே ஒரு கிண்ணம் தோல்சாராயம் கொடுங்கள் என்று அழுதாள். செசிலியா அலமாரியைத் திறந்து காட்டினாள். ஒரே ஒரு ஜாடிதான் மிச்சம்.

"ஒருத்தருக்கு மட்டும் ஊத்தினா காவல்காரன் பாக்க மாட்டானா?" என்றாள் செசிலியா. "அப்பறம், உன் வீட்டுக்காரரைப் பத்தி நீ சொன்னதெல்லாம் நிசம்னா, அவர் தனியாக் குடிப்பாரா?"

குடிக்க மாட்டார் என்பது இருசம்மாளுக்கும் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட ஆரம்பித்தாள். ஜாடியில் ஐம்பது கரண்டி தேறும். ஆளுக்கு ஒரு கரண்டி விழுந்தால் கூப்பிடு தூரத்தில் எல்லோரும் நழுவிவிடுவார்கள். கட்டுமரங்களைப் பக்கத்தில் நிறுத்தி வைத்தால் போதும். உள்ளே எப்படி அனுப்புவது என்ற கவலையைக் கோட்டை வைத்தியரே தீர்த்து வைத்தார். போன தடவை வழியில் ஈறு வீங்கிப் பாதிப் பேர் செத்துப்போனதால், இந்தத் தடவை கப்பலேறுமுன் எல்லோருக்கும் எலுமிச்சைச் சாறு கொடுக்கச் சொல்லி உத்தரவு போட்டார். புறப்படும் நாள் காலையில் செசிலியா இருநூறு எலுமிச்சம்பழம் பிழிந்தாள். பனைவெல்லத்தைக் கரைத்து, இளநீர் விட்டு, வாசனைக்குச் சாக்கு இருக்கட்டும் என்று கொஞ்சம் வடிசாராயமும் சேர்த்தாள். கடைசியில் ஜாடியைக் கவிழ்த்து, சொட்டு நிற்கும்வரை பிடித்தாள். வைத்தியர் வந்து ருசி பார்த்தார், நன்றாயிருக்கிறது என்று இன்னும் ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்தார். அந்த வைத்தியர் பிறகு சாகும்வரை பழவேற்காட்டிலேயே இருந்தார், நல்ல கைராசிக்காரர்.

அண்டாவை இருசம்மாளும் இன்னொருத்தியும் கிடங்கு வாசலுக்குத் தூக்கிப் போனபோது உள்ளே கூட்டம் அதிகமாகத் தெரிந்தது. விடியற்காலையில் தரகர்கள் மேலும் பதினெட்டுப் பேரைக் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். அண்டாவை உள்ளே வைத்துவிட்டு அவள் வாசலில் நின்றாள். முந்தின நாள் கஞ்சி ஊற்றும்போதே அது என்ன பானம், என்ன செய்யும் என்று கோதண்டத்தின் காதில் போட்டிருந்தாள். தள்ளுமுள்ளு ஆகாமலிருக்க அவர் எழுந்து நின்று, வழக்கம்போலச் சிரட்டையைக் கையில் எடுத்தார். அறுபத்தோரு தலையையும் ஒருமுறை எண்ணினார். அண்டாவின் ஆழத்தை விரலால் அளந்தார். பிறகு ஒவ்வொருவராக அழைத்து, சிரட்டையில் ஒரே கோட்டுக்கு ஊற்றிக் கொடுத்தார். ஒருவருக்கு ஒரு துளி கூடவில்லை, குறையவில்லை. அறுபது பேர் குடித்து முடித்தபோது அண்டாவில் சரியாக ஒரு சிரட்டை மிச்சமிருந்தது. அதை அவர் முகந்து, வாய்க்குக் கொண்டுபோகுமுன், பழக்கதோஷம், கோடு சரியா என்று கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார். அப்போது கதவு திறந்தது. திருப்பாலைவனத்து நெல்வயலிலிருந்து பிடித்து வந்த இந்திராணி என்ற பெண்ணை உள்ளே தள்ளினார்கள். அவள் விழுந்து எழுந்து நேராக நின்றது கோதண்டத்தின் எதிரில்.

குடிச்சிடு, குடிச்சிடு என்று இருசம்மாளின் உதடு மட்டும் அசைந்தது. கோதண்டம் வாசலில் நின்ற தன் பெண்டாட்டியை ஒரு தடவை பார்த்தார். பிறகு சிரட்டையை இந்திராணியின் கையில் கொடுத்து, "முழுசாக் குடிச்சிடும்மா, கீழ வைக்காத," என்றார். காலி அண்டாவில் ஒரு கை தண்ணீர் விட்டு, சுற்றிச் சுழற்றி, அந்தக் கழுவல் தண்ணீரைக் குடித்தார்.

அண்டாவைத் திரும்ப எடுக்கப் போனபோது அவள் கேட்டது ஒரே கேள்விதான்.

"இன்னாய்யா பண்ணிட்ட?"

"பங்கு சரியாப் போச்சு இருசு," என்றார் அவர். முகத்தில் பயம் இருந்தது, அதை மறைக்கவும் இல்லை. "அவ வந்து நின்னுட்டா. நான் இன்னா பண்றது?"

கப்பல் பகல் பொழுதில் நங்கூரம் தூக்கியது. கூப்பிடு தூரத்தை விடச் சற்றுத் தள்ளி, அறுபத்தோரு பேரும் கப்பலின் வயிற்றிலிருந்து வரிசையாக வெளியே வந்து தண்ணீர்மேல் நின்றார்கள். உள்நாட்டுக்காரர்கள் சிலர் அதற்குமுன் கடலையே பார்த்ததில்லை. காலில் ஈரம் படவில்லையே என்று குனிந்து பார்த்தார்கள். மீன்பிடிக்கப் போவதுபோல ஏற்கெனவே போயிருந்த கட்டுமரங்கள் அவர்களை ஏற்றிக்கொண்டு, கோட்டைப் பக்கம் வராமல், ஏரியின் தீவுகளிலும் குப்பங்களிலும் வீட்டுக்கு இரண்டு பேராக இறக்கிவிட்டன. கோட்டைக்காரர்கள் இரண்டு நாள் தேடிவிட்டு, மேலிடத்துக்கு என்னவென்று எழுதுவது என்று தெரியாமல் விட்டுவிட்டார்கள். யாரோ ஒரு கெட்டிக்காரன் கிச்சிலி மரத்தின்மேல் சந்தேகப்பட்டதால், அந்த வாரமே மரத்தை வெட்டி அடுப்பெரித்தார்கள். மூன்று நாள் கோட்டைச் சோறெல்லாம் கிச்சிலி மணத்தது. தரகர்கள் அந்தக் கரையை விட்டு வேறு ஊர் பார்த்துப் போனார்கள். கப்பலுக்குள் கோதண்டம் மட்டும் இருந்தார்.

கழுவல் தண்ணீரின் பிடிப்பு அவரைக் கப்பலிலிருந்து நழுவவிடவும் போதவில்லை, கப்பலோடு போகவிடவும் அதற்கு மனசில்லை. கப்பல் தொடுவானம் வரை போனது, அங்கேயே நின்றுவிட்டது. பாய் எல்லாம் புடைத்திருந்தது, முன்பக்கம் நுரை கிளம்பியது, கப்பல் மட்டும் கட்டைவிரல் அளவில் கரையிலிருந்து தெரிந்துகொண்டே இருந்தது. ஐப்பசிப் புயல் அதைத் தாண்டிப் போய்த் தென்னைகளைச் சாய்த்தது. கப்பல் ஒரு முழம் அசையவில்லை. செம்மீசைத் துரை என்று ஊரார் பெயர் வைத்திருந்த அந்தக் கப்பலின் கப்பித்தான் பிடிவாதக்காரர். அறுபத்திரண்டு பேரை ஏற்றியவன் ஒருவனையாவது கொண்டுபோய்க் காட்டாவிட்டால் மானம் போய்விடும் என்று, கோதண்டத்தைப் பாய்மரத்தோடு சங்கிலியில் கட்டி வைத்து, தினமும் காலையில் பாயை இன்னும் இறுக்கச் சொன்னார். இருசம்மாள் தினமும் பூபதி என்ற உறவுக்காரரின் கட்டுமரத்தில் ஏறிக் கப்பலுக்குப் போனாள். பொம்பளை கட்டுமரம் ஏறுவதா என்று மூன்று நாள் ஊர் முணுமுணுத்தது, நாலாம் நாள் அலுத்துவிட்டது. மாலுமிகளுக்கு மீனும் தண்ணீரும் விற்றுவிட்டு, புருஷனுக்குக் கஞ்சித் தூக்கைக் கயிற்றில் ஏற்றுவாள். மாலுமிகள் உப்புக்கண்டத்துக்கு அடித்துக்கொண்டதைப் பார்த்துப் பொறுக்காமல், கோதண்டம் சங்கிலியோடே அதையும் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். அவர் இளைத்துக்கொண்டே வந்தார். அவள் கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறேன் என்பார்.

ஓரிடத்தில் நிழல் விழுந்தால் அதனடியில் மீன் சேரும். கப்பலுக்கடியில் மார்கழிக்குள் வஞ்சிரமும் பாறை மீனும் வந்து அடைந்தன. முதலில் ஒருவர் வலை போட்டார், பிறகு பத்துப் பேர் போட்டார்கள், பிறகு சண்டை வந்தது. ஊர் கூடி அதற்குக் கப்பலடிப் பாடு என்று பெயர் வைத்து, ஓலைச் சீட்டுக் குலுக்கி முறை கட்டியது. சுற்றுவட்டாரத்திலேயே அதைவிட நல்ல பாடு இல்லை என்றானது. இரண்டு வீட்டில் கூரைக்கு ஓடு போட்டார்கள். இருசம்மாள் போய்வரும்போது, கப்பல் நல்லபடியாக இருக்கிறதா என்று மக்கள் விசாரித்தார்கள். கப்பலைத்தான் விசாரித்தார்கள். அவளுக்கு அது மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்த அன்று அவள் சோறு தின்னவில்லை.

தை முடிவில் அவள் கங்கையம்மன் கோயில் முன்னால் ஊரைக் கூட்டினாள். கப்பலுக்கு மீன் விற்பதையும் தண்ணீர் கொடுப்பதையும் நிறுத்த வேண்டும், கப்பலைப் பிடித்து வைத்திருப்பது அவர்தான் என்று மாலுமிகளுக்கும் தெரியும், பட்டினி கிடந்தால் அவரை விட்டுவிடுவார்கள் என்றாள். தேசப்பன் எழுந்தார். ஐந்து பிள்ளைக்காரர், போன வருடம் படகு உடைந்தது, கப்பலடிப் பாட்டில் அவர் முறை அடுத்த செவ்வாய்க்கிழமை வருகிறது.

"எம் முறை வர்றதுக்குள்ள கப்பலை அனுப்பிட்டா எம் புள்ளைங்க இன்னாத்த துன்னும்?" என்றார். "கோதண்டம் அண்ணன் நல்லாத்தான கீறாரு? வேளா வேளைக்குக் கஞ்சி போவுது. ஒரு சுத்து முறை வந்து முடியட்டும்னுதான் சொல்றேன்."

"அங்க வுழறது மரத்து நெழலு இல்ல தேசப்பா," என்றாள் இருசம்மாள். "எம் புருசனைக் கட்டி வச்சிக்கீற நெழலு. சங்கிலி இடுப்பு எலும்பைத் தொடுது. நீ வலையைத் தூக்குறப்ப ஒரு தபா மேல அண்ணாந்து பாத்தியா?"

தேசப்பன் ஒரு தடவைகூட அண்ணாந்து பார்த்ததில்லை. அப்போது கூட்டத்தின் ஓரத்தில், ஒரு வலைக்கார வீட்டில் ஒண்டியிருந்த இந்திராணி எழுந்து வந்தாள். சிரட்டையைக் கையில் வாங்கிய நாளிலிருந்து அவள் பொதுவில் பேசியதே இல்லை.

"நான் வயக்காட்டுக்காரி, உங்க முறையெல்லாம் எனக்குத் தெரியாது," என்றாள். "அவரு வாய்க்குப் போன சிரட்டை எங்கையில வந்துச்சு. அங்க நிக்க வேண்டியவ நானு. கப்பலு வேணும்னா வச்சிக்குங்க. என்னைக் கொண்டு போய்க் கட்டிட்டு அவரை எடுத்தாங்க. செவ்வாக்கிழமைக்குள்ள செஞ்சிட்டா இவரு முறையும் கெடாது."

சொல்லிவிட்டு அவள் நிஜமாகவே கரையை நோக்கி நடந்தாள். பின்னால் அறுபது பேரில் அன்று அங்கே இருந்த இருபது இருபத்தைந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். தேசப்பன் ஓடிப்போய் அவள் வழியை மறித்தார். மடியில் முடிந்திருந்த தன் ஓலைச் சீட்டை எடுத்தார், அதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்தார், கிழித்து ஏரியில் போட்டார். அழுதுகொண்டே போட்டார். ஐந்து பிள்ளைக்காரருக்கு அது சின்ன விஷயம் இல்லை, அந்த அழுகையை யாரும் தப்பாக நினைக்கவும் இல்லை.

மறுநாளிலிருந்து கப்பலுக்கு ஒரு மீன் போகவில்லை. கோட்டை தண்ணீர்ப் பீப்பாய் அனுப்பப் பார்த்தது. அலைக்குள் ஓடும் சலங்குப் படகுகளுக்குத் தலைவர் மீரான் மரைக்காயர். அவர் கரையில் நின்று, "இன்னிக்கு அலை சரியில்லைங்க," என்றார். கடல் தாம்பாளம் மாதிரிக் கிடந்தது. எட்டு நாளும் அவருக்கு அலை சரியாகவில்லை. கோட்டைச் சமையற்கட்டிலும் எட்டு நாளும் மீன் இல்லை. செசிலியா வெறும் பூசணிக்காயாகச் சமைத்துப் போட்டு, கேட்டவர்களிடம் ஊர் நிலவரத்தைச் சொன்னாள். அந்த எட்டு நாளும் தன் புருஷனும் அதே தாகத்தில்தான் கிடக்கிறார் என்பதை இருசம்மாள் மறக்கவில்லை. கரையில் நின்று கப்பலைப் பார்த்தபடி அவளும் தண்ணீர் குடிக்காமல் இருக்கப் பார்த்தாள். இரண்டாம் நாள் மயங்கி விழுந்ததும் பூபதி திட்டிக் குடிக்க வைத்தார். ஒன்பதாம் நாள் உச்சிவேளையில், நாக்கு உலர்ந்த மாலுமிகள் சங்கிலியை அறுத்துக் கோதண்டத்தைக் கயிற்றில் இறக்கினார்கள். செம்மீசைத் துரை அப்போது வானத்தில் மேகம் இருக்கிறதா என்று வெகு கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இறங்கும்போது கோதண்டம், மிச்சமிருக்கும் தண்ணீர் தலைக்கு ஏழு மிடறு வரும் என்று மாலுமிகளுக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அவர் கால் கட்டுமரத்தில் பட்டதும் கப்பல் காணாமல் போனது. ஐந்து மாதம் அடக்கி வைத்த ஓட்டம் அது. அன்று சாயங்காலமே பத்தாவியா போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பிற்பாடு தெரிந்தது. அவ்வளவு வேகமாக யாரும் கப்பல் ஓட்டியதில்லை என்று செம்மீசைத் துரைக்குப் பதக்கம் கொடுத்தார்களாம். கட்டுமரத்தில் இருசம்மாள் புருஷனின் தலையை மடியில் வைத்து, பஞ்சால் உதட்டில் தண்ணீர் சொட்டினாள். திட்டுவதற்கென்று ஐந்து மாதமாகச் சேர்த்து வைத்திருந்த ஒரு வார்த்தையும் அப்போது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. இடுப்பில் சங்கிலி தேய்த்த இடத்தைத் தொட்டு, "வந்துட்டியா, வந்துட்டியா," என்று மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள்.

வந்துவிட்டாரே தவிர, முழுசாக வந்து சேர்ந்தார் என்று சொல்ல முடியாது. கழுவல் தண்ணீரின் பிடிப்பு அவ்வளவுதான், கப்பல் ஐந்து மாதம் இழுத்த இழுப்பு அவருக்குள் மிச்சமிருந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றி இறுக்குவதற்கு மரமும் இல்லை, ஜாடியும் இல்லை. விழித்திருக்கும்போது ஒன்றும் தெரியாது. ராத்திரி வலைக்குப் போய்வந்து மதியம் கண்ணயர்ந்தால், கோதண்டம் படுத்த வாக்கிலேயே கடல் பக்கமாக மெல்ல நகர ஆரம்பிப்பார். முதல் நாள் வாசற்படியில் கிடந்தார், மறுநாள் தெருவில். வலைக்கயிற்றால் கட்டிப்போடச் சொல்லி ஊரார் யோசனை சொன்னார்கள், அவரே காலை நீட்டினார். இருசம்மாள் கட்டினாள். மூன்றாம் நாள் கணுக்காலில் கயிற்றுத் தடத்தைப் பார்த்ததும் அவிழ்த்து எறிந்துவிட்டாள். இந்த மனுஷனை இனி எதிலும் கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டாள்.

அதன்பின் இருபத்தாறு வருடம் அவர்கள் அப்படியே குடித்தனம் நடத்தினார்கள். நகர்ந்துபோகும் கோதண்டத்தின்மேல் வெயில் விழாமல் வழியிலிருப்பவர்கள் ஓலை வைப்பார்கள், மாட்டை ஒதுக்கி ஓட்டுவார்கள். தேசப்பனின் பிள்ளைகள் வழியில் கிடக்கும் முள்ளைப் பொறுக்கிப் போடுவார்கள். இருசம்மாள் கூடையோடு சந்தையிலிருந்து திரும்பும்போது, "உங்க ஊட்டுக்காரரு இன்னிக்குக் கோயில் வரைக்கும் போய்ட்டாரு," என்று யாராவது சொல்வார்கள், ஆடு மேய்ந்த இடம் சொல்வதுபோல. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, அவர் அருகில் போய் உட்கார்ந்து, தோளைத் தொட்டு எழுப்புவாள். அவர் விழித்து, எங்கே இருக்கிறோம் என்று சுற்றிப் பார்த்து, அவளைக் கண்டதும் வெட்கமாகச் சிரிப்பார். "வாய்யா, ஊட்டுக்குப் போலாம்," என்பாள். மழைநாளில் மட்டும் அவள் கொஞ்சம் அலுத்துக்கொள்வாள். மற்றபடி, கடலுக்குக் கொடுக்க இருந்த புருஷனை ஒவ்வொரு நாளும் கையைப் பிடித்துத் திரும்ப அழைத்து வருவது அவளுக்குப் பிடித்திருந்தது.